எட்டாம் பாட்டை விழுங்காதீர்கள்

மார்கழியில் சீர்காழி, மயிலாடுதுறைப் பக்கத்துக் கோயில்களுக்குப் போனால், புதிதாகத் தேவாரம் பாட வருபவர்கள் நிறையப் பேர். சுருதி, உச்சரிப்பெல்லாம் அவரவர் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நான் சொல்ல வந்தது வேறு.

பதிகத்தை வெட்டுவது

பதிகம் என்றால் பத்து அல்லது பதினொரு பாட்டுக் கொண்ட தொகுப்பு. பலர் பாடுவதோ முதல் இரண்டு பாட்டு, அப்புறம் நேராகக் கடைசிப் பாட்டு, முடிவில் ‘திருச்சிற்றம்பலம்’. சம்பந்தரின் 'தோடுடைய செவியன்' பதிகத்தையே ஒரு குழு இப்படி முடித்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போனது. ஏன் என்று கேட்டேன். “நடுவுல எல்லாம் ஒரே மாதிரிதானே ஐயா, ஊரையும் சாமியையும் வர்ணிக்கிறதுதானே” என்றான் ஒரு பையன். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். கயிலையைப் பெயர்க்கப் பார்த்தவன் சிவனின் ஒரு கால்விரலுக்குக் கீழே நசுங்குகிறான். அழுது பாடியதும் அவனுக்கே வாளும் கிடைக்கிறது. ஒறுத்தவரேதான் அருள்கிறார். ஒன்பதில் திருமால் பன்றியாகத் தோண்டுகிறார், பிரமன் அன்னமாகப் பறக்கிறார். அடியும் அகப்படவில்லை, முடியும் அகப்படவில்லை. முதல் பாட்டில் தோடும் வெண்மதியுமாகக் கண்ணெதிரே நின்றவர் இங்கே யார் கைக்கும் எட்டாதவர். இந்த இரண்டையும் விட்டால் மிஞ்சுவது வெறும் அலங்காரம்.

பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் சாடுவதால் சிலர் கூச்சப்பட்டுத் தாண்டுகிறார்கள். அது அந்தக் காலத்துச் சமயப் பூசல். எனக்கும் அதில் பெரிய ஈடுபாடு இல்லை, ஆனாலும் விடுவதில்லை.

இன்னொன்று. பல பதிகங்களின் முடிவில் ‘பத்தும் வல்லார்’க்குத்தான் பலன் சொல்லியிருக்கிறது. மூன்றைப் பாடிவிட்டுப் பத்துக்கான பலனைக் கேட்டால் எப்படி? தில்லைக் கோயிலில் இருந்த தேவார ஓலைச்சுவடிகளில் செல்லரித்தது போக மிஞ்சியதுதான் நம் கையில் இருக்கிறது என்பார்கள். பதிப்புகளில் சில இடங்களில் பாட்டுக்குப் பதிலாகச் ‘சிதைந்து போயிற்று’ என்று ஒரு வரிதான் இருக்கும். கறையான் விட்டுவைத்ததை நாமே விழுங்கலாமா?

தேவாரம் பாடிய இன்னொருவரான அப்பர் இராவணனைப் பெரும்பாலும் கடைசிப் பாட்டில் வைத்தார். கடைசிப் பாட்டை யாரும் விடுவதில்லை, தப்பித்தார்.

நேரமில்லை என்றால்

பஞ்சபுராணம் பாடுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. அதற்கு முறையே அதுதான்.

சினிமா மெட்டு

வேண்டாம்.

தாண்டகத்துக்குத் தாளம்

அப்பர் பாடிய ஆறாம் திருமுறை முழுக்கத் தாண்டகம், தாளமில்லாமல் பாடும் பாட்டு வகை. ஜால்ராவைக் கீழே வையுங்கள்.