பழைய டேபிள் ரம்பத்தை விற்கும் முன்

நல்ல பாகங்கள் பூட்டி மேம்படுத்திய டேபிள் ரம்பத்தை (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழலும் மர அறுப்பு இயந்திரம்) முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா? முதலில் பரணைப் பாருங்கள். இயந்திரத்தோடு வந்த பழைய வழிகாட்டிச் சட்டம் (பலகையை அணைத்து நேராகத் தள்ள உதவும் தடுப்பு) அங்கே இருந்தால் அதையே திரும்பப் பொருத்தி ரம்பத்தை விற்றுவிடுங்கள். பிறகு வாங்கிப் பூட்டிய நல்ல சட்டத்தையும் அது நகரும் தண்டவாளங்களையும் தனியே விற்கலாம். தண்டவாளத்தின் நீளம், துளைகளின் இடைவெளி இரண்டையும் அளந்து சொல்லுங்கள். கடினப் பல் கொண்ட கார்பைடு பிளேடையும் தனியே விற்பதென்றால் விட்டத்தோடு நடுத்துளை அளவும் வேண்டும், 25.4 மி.மீ. துளை பிளேடு பூட்டும் 30 மி.மீ. தண்டில் ஏறாது.

பழைய சட்டம் இல்லையா? பிரிக்கவே பிரிக்காதீர்கள். வழிகாட்டி இல்லாத ரம்பத்தில் பலகை கோணி, அறுப்பவர் மீதே பாயும். பிளேடு மூடியும் பிளேடின் பின்னால் நின்று, அறுத்த பிளவு மூடிப் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் பிளவுத் தகடும் எப்போதும் இயந்திரத்தோடுதான் போக வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

மோட்டார் ஒருமுனையா மும்முனையா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மும்முனை என்றால் வீட்டுப் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். வருபவர் முன்னால் ஒரு பிளைவுட் துண்டை அறுத்துக் காட்டுங்கள். மேம்படுத்தச் செலவழித்த தொகை முழுவதும் திரும்பாது. பிரித்து விற்றால் வரவு சற்றுக் கூடும், அலைச்சலும் கூடும்.