டிரம் சுத்துது, ஆனா சூடு வரலை

ஐப்பசி மழை பிடிச்சதும் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைல இருந்து எனக்கு இந்த போன்தான் வரும்: "அண்ணே, டிரையர் ஓடுது, ஒரு மணி நேரமாச்சு, கொழந்தை துணி ஈரமாவே கீது." டிரம் சுத்துதுன்னா மோட்டார், பெல்ட் நல்லா இருக்கு. சூடு தர்ற லைன்லதான் எங்கயோ விட்டுப்போயிருக்கு.

முதல்ல குமிழைப் பாருங்க. அது 'குளிர் காத்து'ங்கற இடத்துல நின்னா ஹீட்டர் வேலை செய்யாது. கடைசி சில நிமிஷம் துணி ஆறுறதுக்காக ஹீட்டர் தானாவே நிக்கும், அது கோளாறு இல்லை. துணி வெதுவெதுன்னு மட்டும் இருந்தா வோல்டேஜைப் பாருங்க. 230 வோல்ட்ல 2000 வாட் தர்ற ஹீட்டர் காயில் (சூடாகுற கம்பிச்சுருள்), 180-க்கு இறங்கினா 1200 வாட் சொச்சம்தான் தரும்.

அடுத்து மூடியைக் கழட்டணும். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிடுங்க. அரை மணி நேரம் ஆறட்டும்.

ஹீட்டர் பக்கத்துல ரெண்டு வயர் மாட்டின சின்ன வில்லை இருக்கும், அதுதான் தெர்மல் ஃபியூஸ், சூடு மிஞ்சினா கரண்டை அறுத்துடும். ஒரு வயரைக் கழட்டிட்டு மல்டிமீட்டரை பீப்ல (கரண்ட் போக வழி இருந்தா சத்தம் போடுற இடம்) வெச்சு ரெண்டு முனையையும் தொடுங்க. சத்தம் வரலைன்னா ஃபியூஸ் போச்சு. சூட்டை அளவோட நிறுத்துற தெர்மோஸ்டாட்டும் ஆறினப்புறம் பீப் அடிக்கணும். மீட்டரை ஓம்ஸ்ல வெச்சா 2000 வாட் காயில் 26 ஓம்ஸ் கிட்ட காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்திருக்கு. காயில் முனைக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. காட்டினா ஷாக் அடிக்கும், மெஷினைத் தொடாதீங்க.

எங்க பக்கம் உப்புக்காத்து. காசிமேட்டுல ஒரு வீட்ல ஃபியூஸ், காயில் ரெண்டும் சரியா இருந்துச்சு. ஆனா ஹீட்டர் லக்கு (வயர் முனையில மாட்டுற உலோகக் கொக்கி) பச்சை பூத்து, வயர் தோல் கருகி, தொட்டதும் பொடியா உதிர்ந்துச்சு. வயரை நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு புது லக்கு அடிச்சேன், சூடு வந்துடுச்சு.

ஃபியூஸ் போயிருந்தா மாத்திட்டு மட்டும் விட்றாதீங்க. சூட்டுக்காத்து வெளிய போக வழியில்லாமதான் அது பெரும்பாலும் போகும். போன மழைக்கு ஒரு வீட்ல, எனக்கு முன்னாடி வந்தவர் ஃபியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பியை முறுக்கி விட்டிருந்தார். ஹீட்டர் பெட்டி மேல விரல் மொத்தத்துக்குத் துணில இருந்து உதிர்ந்த பஞ்சு, அதுல ஒரு ஓரம் காபிப்பொடி நிறத்துல கருகியிருந்துச்சு. மெஷின் இருந்த சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில். அந்தக் கம்பியை அந்த வீட்டு அக்கா கையிலயே எடுத்துக் குடுத்தேன். கம்பி போட்டு ஓட்டச் சொன்னா எவ்ளோ காசு குடுத்தாலும் நான் செய்ய மாட்டேன்.

அங்க மெஷினை சுவத்தோட ஒட்டித் தள்ளினதுல காத்துக் குழாய் நசுங்கியிருந்துச்சு. ஒரு ஜாண் இடம் விட்டு நகத்தி, குழாய்க்குள்ள இருந்த பஞ்சை எல்லாம் வழிச்சேன். ஃபியூஸ் மேல அச்சடிச்ச டிகிரி, ஆம்பியர் ரெண்டையும் குறிச்சிட்டுப் போய் அதே வாங்குங்க. பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் தட்டணும்.

எல்லாம் மாட்டினதும் ஈரத் துண்டு ரெண்டு போட்டு பத்து நிமிஷம் ஓட விட்டு, குழாய் வாய்ல உள்ளங்கையைக் காட்டுங்க. சூட்டோட காத்து கையைத் தள்ளணும். லேசா வந்தா நிறுத்திட்டு, குழாயை மறுபடியும் கழட்டுங்க.