உழவர் சந்தைக் கழிவை எருவாக்கும் முறை

சந்தை கலைந்தபின் கூட்டி அள்ளும் காய்கறிக் கழிவில் 80 முதல் 90 விழுக்காடு வரை தண்ணீர்தான். அதை அப்படியே குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி, நாற்றமும் ஈயும் பெருகுமே தவிர எரு கிடைக்காது. ஐதராபாத்தின் போயின்பள்ளிச் சந்தையைப் போல நாளொன்றுக்கு 10 டன் கழிவு சேரும் இடத்தில், அந்த ஈரத்தையே பயன்படுத்தி எரிவாயுவும் அதிலிருந்து சுமார் 500 யூனிட் மின்சாரமும் எடுக்கிறார்கள். சில நூறு கிலோ மட்டுமே சேரும் உழவர் சந்தைக்கு மட்கு எருவே பொருத்தமானது.

தரம் பிரிப்பதைக் கடையிலேயே தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் பை, சாக்குச் சணல், கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் வளையம் ஆகியவற்றைத் தனிக் கூடையில் போடச் செய்யுங்கள். ஆப்பிளின் மேல் ஒட்டியிருக்கும் சிறு வில்லைகூட மட்காமல் கடைசியில் எருவில் பளபளக்கும். காலிஃபிளவர் இலையையும் முட்டைக்கோஸின் மேலிலையையும் அன்றைக்கே அலசி மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அழுகியதும் பூசணம் பிடித்ததும் தீவனமாகாது. வாழைத்தார்த் தண்டை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்காவிட்டால், மற்றவை மட்கிய பின்னும் அது நாராகவே கிடக்கும்.

குவியலின் அடியில் அரை அடிக்குக் குச்சியும் தட்டையும் பரப்பி, அதன் மேல் ஒரு கூடை கழிவுக்கு ஒரு கூடை உலர்பொருள் என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் சாணக் கரைசலைச் சிறிதளவு தெளித்து, ஒன்றரை மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் வரும்படி கட்டுங்கள். பழப்பெட்டிகளில் வரும் வைக்கோல், சருகு, தென்னை நார்க் கழிவு ஆகியவை நல்ல உலர்பொருள்கள். பலர் உலர்பொருளை விட்டுவிட்டுச் சாணத்தை அதிகமாக்குகிறார்கள். சாணமும் ஈரம்தான் என்பதால் அது நிலைமையை மோசமாக்குகிறது.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்று நான்கு நாளில் குவியலின் நடுவே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும்; களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் அழிய இந்தச் சூடு சில நாள் நீடிப்பது அவசியம். உள்ளே செருகிய இரும்புக் கம்பி தொட முடியாத அளவுக்குச் சுட்டால் குவியல் சரியாக இருக்கிறது. சூடேறாவிட்டால் ஈரம் மிகுந்திருக்கும், அல்லது குவியல் சிறியதாக இருக்கும். மூக்கில் ஏறும் காரநெடி வந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் சருகு சேருங்கள். வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

மண்புழு விட விரும்புவோர் சூடு முழுவதும் தணிந்த பிறகே விட வேண்டும்; எலுமிச்சையும் வெங்காயமும் மிகுந்த கழிவு புழுக்களுக்கு ஒவ்வாது. பெரும்பாலும் 45 முதல் 60 நாளில் குவியல் கருத்து, பொலபொலத்து, மழை நனைத்த மண்ணின் வாசம் வீசும். நிழலில் உலர்த்திச் சலித்து, சல்லடையில் தங்கும் கப்பியை அடுத்த குவியலில் கலந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மட்கும் வேலையை விரைவாகத் தொடங்கிவைக்கும்.