அடங்காத கேடட்டை எழுதுவது எப்படி? பரங்கிமலைப் பின்னணியில் ஓர் அறிவியல் புனைவு எபிசோட்

அபாரமான மூளை, அடங்காத குணம், மேலே ராணுவச் சீருடை. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அறிவியல் புனைவுத் தொடருக்கு நல்ல எபிசோட் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான திரைக்கதைகளில் அந்த மூளை வசனத்தோடு நின்றுவிடுகிறது. "இப்படி ஒரு கேடட்டை என் சர்வீஸில் பார்த்ததில்லை" என்பார் ஒரு மேஜர். அந்தக் கேடட், அதாவது அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் பெண், அப்படி என்ன செய்தாள் என்பது கடைசிவரை தெரியாது. எபிசோட் அங்கேயே படுத்துவிடும். பார்க்கிறவர் பேனா எடுத்தால் தானே போட்டுச் சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்கை முதலில் பிடியுங்கள். அவள் பெயர், ஊர், அப்பா என்ன வேலை என்பதெல்லாம் பிறகு.

கணக்கு

அரைமணி நேர எபிசோடுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். பதில் நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிராக இருந்தால் இன்னும் நல்லது. விண்கல இணைப்பு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு கலங்கள் ஒரே வட்டப்பாதையில் போகின்றன. நம் கலம் 5 கி.மீ. பின்னால் இருக்கிறது. எட்டிப் பிடிக்க என்ன செய்வது? வகுப்பில் எல்லோரும் "வேகத்தைக் கூட்டணும்" என்பார்கள். அவள் மட்டும் "பிரேக் போடணும் சார்" என்கிறாள்.

அவள் சொல்வதுதான் சரி. வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்கு ஏறும், சுற்று நீளும், இன்னும் பின்தங்கும். குறைத்தால் கீழே இறங்கும், சுற்று சுருங்கும், முன்னால் போனதை எட்டும். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், எரிந்து கழன்ற ராக்கெட் அடுக்கை நெருங்க அதை நோக்கியே உந்திப் பார்த்தார். அது விலகி விலகிப் போனது. கடைசியில் எரிபொருள் வீணாகிறதென்று முயற்சியைக் கைவிட்டார்கள். வகுப்பில் பயிற்றுநர் தவறான பதிலைச் சொல்லும் காட்சியை எழுதத் தயங்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் எழுத வேண்டிய எண்களும் உண்டு. 475 கி.மீ. உயரத்தில் வேகம் நொடிக்கு சுமார் 7.6 கி.மீ., ஒரு சுற்றுக்கு சுமார் 94 நிமிடம், அதாவது 5,646 நொடி. ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் என்பது வேக மாற்றத்தைச் சுற்று நேரத்தால் பெருக்கி, அதன் மூன்று மடங்கு. நொடிக்கு 1 மீட்டர் குறைத்தால் ஒரு சுற்றில் ஏறக்குறைய 17 கி.மீ. முன்னேறலாம். 5 கி.மீ. போதும் என்றால் நொடிக்கு 0.3 மீட்டர் குறைத்தால் ஆயிற்று. ஒருவர் நிதானமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு! ஒரு சுற்று முடிந்ததும் அதே 0.3-ஐத் திருப்பிக் கூட்டிவிட்டால் கலம் பழைய பாதைக்கு வந்துவிடும். யாராவது தவறான திசையில் உந்தினால் ஒரு சுற்றின் முடிவில் இடைவெளி 5-லிருந்து 10 கி.மீ. ஆகும். அதுதான் உங்கள் இடைவேளைத் திருப்பம்.

நடிகைக்கு இதை மனப்பாடம் செய்ய மட்டும் கொடுக்காதீர்கள். காகிதத்தில் போட்டுப் பழகச் சொல்லுங்கள். அப்போதுதான் எந்த இடத்தில் கை நிற்கும், எந்த இடத்தில் ஓடும் என்பது இயல்பாக வரும். பலகைக் காட்சியை ஒரே ஷாட்டில் எடுங்கள். வெட்டி ஒட்டினால் சாக்பீஸ் எழுத்து ஷாட்டுக்கு ஷாட் மாறும், ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கே அவள் தப்பு

கணக்கும் அவளுடையது, தீர்ப்பும் அவள் பக்கம் என்றால் ஒழுங்கு என்பது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். அது பொய்யான படம். ராணுவம் சரியாக இருக்கும் ஓர் இடமாவது கதையில் வேண்டும். அதற்கும் இதே துறையிலேயே சம்பவம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று இஸ்ரோ ஏவிய, விண்கல இணைப்பைச் சோதிக்கும் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு கலங்களும் தலா 220 கிலோ. 2025 ஜனவரி 9-க்கு வைத்திருந்த இணைப்பு, கலங்களின் நகர்வு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்ததும் தள்ளிப்போனது. ஜனவரி 16-இல் 15 மீட்டரில் நிறுத்தி, 3 மீட்டரில் நிறுத்தி, பிறகுதான் சேர்த்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த நகர்வு.

நம் கேடட் அந்த நிறுத்தத்தைத் தாண்டட்டும். "எனக்குத்தான் தெரியுமே" என்ற எண்ணத்தில் 15 மீட்டரில் நிற்காமல் உள்ளே போகட்டும். திறமையும் திமிரும் ஒரே வேரிலிருந்து வருவது அப்போது தெரியும்: மற்றவர்களுக்கு முன்னால் பதில் தெரிந்துவிடுவதால் அவளுக்குக் காத்திருக்கப் பிடிப்பதில்லை. பாத்திரத்துக்கு இது ஒன்று போதும். சின்ன வயதில் அம்மாவை இழந்தாள், சித்தப்பா கொடுமைப்படுத்தினார் என்று சோகக் கதை எதுவும் சேர்க்க வேண்டாம்.

நெருக்கடிக்கு வில்லனும் வேண்டாம், கடிகாரம் போதும். 475 கி.மீ. உயரத்தில் போகும் கலம் ஒரு தரை நிலையத்தின் தொடர்பில் இருப்பது ஒரு கடப்புக்கு, அதாவது ஒருமுறை அதன் மேல் கடந்துபோகும்போது, அதிகபட்சம் பத்து நிமிடம் சொச்சம். அந்த நேரத்துக்குள் அவள் சொல்வதை மேஜர் ஏற்க வேண்டும், அல்லது அடுத்த கடப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

பரங்கிமலை

சென்னையில் வைத்து எழுதினால் பரங்கிமலையில் உள்ள ராணுவத்தின் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமிதான் (ஓ.டி.ஏ.) களம். 1962 சீனப் போருக்குப் பின் 1963-இல் தொடங்கியது, 1988-இல் இப்போதைய பெயர் வந்தது, பெண்கள் பயிற்சிக்கு வந்தது 1992-இல். பயிற்சி 49 வாரம். இங்கே வருகிறவர்கள் பட்டம் முடித்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். பதினேழு வயது மேதையை இங்கே வைத்தால் கதை முதல் காட்சியிலேயே பொய்யாகிவிடும். அந்த வயதுதான் வேண்டும் என்றால் 2022 முதல் பெண்கள் சேரும் புனே என்.டி.ஏ.வுக்கு (தேசியப் பாதுகாப்பு அகாடமி) கதையை மாற்றுங்கள்.

எழுத்தாளருக்கு அருமையான ஒரு தகவல்: அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் சி.டி.எஸ். தேர்வில் ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான், கணக்குத் தாள் கிடையாது. கணக்கில் புலியான ஒரு பெண் யாரும் கணக்கே கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவளைப் பற்றி மேலதிகாரிகளுக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடுகிறது.

தண்டனையையும் சரியாக எழுத வேண்டும். பேச்சுக்குப் பேச்சு "கோர்ட் மார்ஷல்" என்று பயமுறுத்த வேண்டாம். அன்றாடத்தில் ரகடாவும் (உடலை வாட்டும் தண்டனைப் பயிற்சி) ஃப்ரன்ட் ரோலும் (குட்டிக்கரணம்) தான். உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும் சொல் ரெலகேஷன்: கூட வந்தவர்கள் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு போகும்போது, அவள் அடுத்த பேட்ச்சோடு ஒரு டெர்ம் மறுபடி படிக்க வேண்டும். இந்தக் கதைக்கு இதைவிடப் பெரிய அச்சுறுத்தல் தேவையே இல்லை.

பேச்சு

டிரில் கட்டளைகள் இந்தியில்தான்: சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தேஜ் சல் (வேகமாக நட), தம் (நில்). உஸ்தாத், அதாவது டிரில் பயிற்றுநர், தமிழில் கத்தினால் ராணுவக் குடும்பத்தார் அடுத்த நொடியே சேனலை மாற்றிவிடுவார்கள். வகுப்பில் ஆங்கிலம். தமிழ் வருவது இரண்டு தமிழ்க் கேடட்கள் தனியாக இருக்கும்போது மட்டும்தான். அங்கே "என்னடி, மறுபடியும் மேஜர்கிட்ட வாயக் கொடுத்தியா?" என்று தாராளமாக எழுதலாம்.

அவளுடைய எதிர்ப்பு மரியாதைக் குறைவாக வெளிப்படக் கூடாது. அதிகாரியை எதிர்த்துக் குரல் உயர்த்தும் கேடட்டை அன்றே வரிசையிலிருந்து பிரித்துவிடுவார்கள். நிமிர்ந்து நின்று, கண்ணை நேரே வைத்து, "நோ சார். ஆன்சர் இஸ் ராங் சார்" என்று சொல்லட்டும். குரல் தணியத் தணியத்தான் மேஜருக்குச் சூடு ஏறும்.

உடை, அனுமதி

தோள் சின்னங்களில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். லெப்டினன்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம், கேப்டனுக்கு மூன்று, மேஜருக்கு அசோகச் சின்னம் மட்டும். அகாடமியின் கமாண்டன்ட் லெப்டினன்ட் ஜெனரல். அவரை ஒரு கர்னலாகக் காட்டிவிடாதீர்கள். தரைப்படை சல்யூட்டில் உள்ளங்கை எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும், தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது. பெண் கேடட்டின் முடி காலரைத் தொடக் கூடாது. காற்றில் பறக்கும் கூந்தல் போஸ்டருக்குக்கூட வேண்டாம்.

2022-இல் அறிமுகமான புதிய டிஜிட்டல் உருமறைப்புத் துணியைத் தைக்கக் கொடுக்காதீர்கள், அதன் வடிவமைப்பு ராணுவத்தின் பெயரில் பதிவானது. புனைவுக்கென்று தனிச் சீருடை வடிவமைப்பதுதான் நல்லது, எதிர்காலக் கதை என்பதால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ராணுவத்தைப் பற்றிய படங்களுக்கும் வலைத் தொடர்களுக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையின்மைச் சான்று பெற வேண்டும் என்று 2020-இல் அமைச்சகம் கேட்டுக்கொண்டது. எனவே திரைக்கதை முடிந்தவுடன் விண்ணப்பியுங்கள், எடிட்டிங் முடிந்த பிறகு அல்ல. ஒத்துழைப்பு கிடைத்தால் பலன் பெரிது. இதே மாதிரி ஒரு கேடட்டை வைத்து எடுத்த ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1 என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் எபிசோட் ஒன்றில், அப்போது அமெரிக்க விமானப்படைத் தளபதியாக இருந்த மைக்கேல் ரயனே தன் பெயரில் தோன்றினார்.

கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மைதானமும் பழைய கட்டடமும் உள்ள கல்லூரி வளாகம் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். ட்ரோன் ஷாட் எழுதியிருந்தால் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள்: மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பகுதி முழுக்கச் சிவப்பு, அதாவது தடைப் பகுதி. பரேடு காட்சியின் உயரமான ஷாட்டை மொட்டை மாடியிலிருந்து எடுங்கள். விமானச் சத்தம் அடிக்கடி குறுக்கிடும் என்பதால் அந்தப் பக்கத்தில் எடுக்கும் வசனங்களுக்கு டப்பிங் நாளை முன்கூட்டியே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.