1/700 போர்க்கப்பலுக்கு உருமறைப்பு வண்ணம்: ஓரம் கூராக விழ வேண்டும்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், 1/700 மாதிரியில், அதாவது உண்மையின் எழுநூறில் ஒரு பங்கு அளவில், 26 சென்ரிமீற்றர் வரும். அன்றே மூழ்கிய ஹொலிஹொக் என்ற கொர்வெட் (சிறு காவல் கப்பல்) 9 சென்ரிமீற்றரையும் தொடாது. இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் என்றால் உண்மைக் கப்பலில் 70 சென்ரிமீற்றர். திட்டுத்திட்டாக நிறம் பூசிய கப்பல்களில் ஓரங்கள் பெரும்பாலும் கூராகவே இருந்தன. எயார் பிரஷ்ஷை (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவி) வெறுங்கையால் ஓட்டி ஓரம் சற்றுப் புகைந்தாலும் அந்தக் கப்பல் பொம்மையாகிவிடும். அதனால் மாஸ்க், அதாவது வண்ணம் படக்கூடாத இடத்தை மூடும் மறைப்பு, கட்டாயம்.

கோலம் அடிக்கடி மாறியதால், கப்பலை எந்த ஆண்டு, எந்த மாதத் தோற்றத்தில் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஜேர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை 1941 மே மாதம், அத்திலாந்திக்குக்குப் போகும் வழியிலேயே பூசி மறைத்துவிட்டார்கள். பல கப்பல்களில் இடப்பக்கக் கோலம் ஒன்று, வலப்பக்கம் வேறு. இரண்டுக்கும் படம் தேடுங்கள். பழைய ஃபிலிம் சிலவற்றில் நீலம் வெளிறியும் சிவப்பு கறுத்தும் விழும். கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பி நிறத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

பக்கவாட்டு வரைபடத்தைப் போட்டோ கொப்பி எடுக்கும்போது கணக்கு இதுதான்: மாதிரியின் நீளத்தை வரைபடத்தின் நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். வரைபடம் 400 மில்லிமீற்றர், மாதிரி 261 என்றால் 65 சதவீதம். ஆனால் முன்புறமும் பின்புறமும் உடல் வளைகிறது. தட்டையான படத்தில் அந்தப் பகுதி உண்மையைவிடக் குறுகித்தான் தெரியும். அங்கே கொப்பியை அப்படியே ஒட்டாமல், சன்னல் துளை, நங்கூரத் துளை, தளத்தின் விளிம்பு ஆகியவற்றை அடையாளமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள்.

பாகங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய பிரைமர் (வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடியுங்கள். தளத்தை முதலில் பூசி மூடிவிட்டால் பக்கங்களில் நிம்மதியாக வேலை செய்யலாம். கோலத்தில் வெளிர் நிறம் முதலில், கருநிறம் கடைசியில். இந்த அளவுக்கு நிறங்களில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வெள்ளை சேருங்கள். போத்தலில் உள்ள கருஞ்சாம்பல் அப்படியே பூசினால் கறுப்பாகவே தெரியும்.

ஹாட்வெயார் கடை மாஸ்கிங் டேப் சுருக்கமுள்ளது, அதன் அடியில் வண்ணம் கசியும். தமியா போன்ற மெல்லிய டேப்பைக் கண்ணாடியில் ஒட்டி, புது பிளேட்டால் வெட்டுங்கள். ஒட்டியபின் ஓரத்தை நகத்தால் அல்ல, பல்குத்தியின் நுனியால் அழுத்துங்கள். அடுத்து, கீழே உள்ள அதே வெளிர் நிறத்தை ஓரத்தின்மேல் ஒரு தடவை அடியுங்கள்: கசிய வேண்டியது அதே நிறமாகக் கசிந்து அடைத்துக்கொள்ளும், அதன்பிறகு கருநிறம் உள்ளே போக வழியில்லை. பலர் விட்டுவிடுவது இந்த ஒரு படிதான்.

எயார் பிரஷ்ஷுக்கு 0.2 அல்லது 0.3 மில்லிமீற்றர் நுனி, 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், வண்ணத்தில் அரைக்கு அரை தின்னர் (வண்ணத்தை இளக்கும் திரவம்). டேப்பிலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள்; ஓரத்துக்கு எதிராக அடித்தால் வண்ணம் உள்ளே தள்ளப்படும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள் போதும். தடித்த பூச்சு ஓரத்தில் திண்ணையாக நிற்கும், 0.1 மில்லிமீற்றர் மேடு உண்மையில் 7 சென்ரிமீற்றர். கையில் ஒட்டாத நிலை வந்ததும் டேப்பைப் பின்னுக்கு மடித்து மெதுவாக உரியுங்கள்.

கோலம் உடலோடு நிற்பதில்லை, புகைபோக்கியிலும் பீரங்கிக் கூண்டிலும் ஏறும். அவற்றைப் புளூடாக்கால் (மீண்டும் எடுக்கக்கூடிய ஒட்டுக்களி) தற்காலிகமாக நிறுத்தி, கோடு எங்கே தொடர்கிறது என்று குறித்தபின் கழற்றிப் பூசுங்கள். கூண்டுகள் முன்னும் பின்னும் நேராக நிற்கும் நிலையில்தான் குறிக்க வேண்டும்.

நம் ஊர்க் காலநிலைக்கும் வேலை நேரத்தை மாற்ற வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து மேற்பரப்பு மணல்போலச் சொரசொரக்கும். விடியற்காலையில் அடியுங்கள், ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில துளி சேருங்கள். மார்கழி மழையில் கம்பிரசர் குழாயில் நீர் சேர்ந்து துளியாகத் துப்பும். வாட்டர் ட்ராப்பை (குழாயில் நீரைப் பிடிக்கும் சிறு கிண்ணம்) அடிக்கடி திறந்து வடித்துவிடுங்கள். அந்த நாட்களில் லாக்கர் வகை மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத கடைசிப் பூச்சு) அடித்தால் வெண்புகைபோல் படியும், மழை விட்ட வெயில் நாளுக்குக் காத்திருங்கள்.

எயார் பிரஷ் இல்லாதவர்கள் அக்ரிலிக்கைத் தண்ணீர் கலந்து 0 பிரஷ்ஷால் மூன்று மெல்லிய பூச்சாகப் போடலாம். கசிந்த இடங்களை வார்னிஷுக்கு முன்பே, அந்தந்த நிறத்தை 000 பிரஷ்ஷால் தொட்டுத் திருத்துங்கள். மேட் வார்னிஷ் போட்டபின் தொட்ட இடம் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.