பூவுக்குள் பார்க்க லென்ஸைவிட பிளேடு முக்கியம்: செம்பருத்தியில் தொடங்கும் செய்முறை

அக்கா மகள் தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்காகச் செம்பருத்தியை மேக்ரோ லென்ஸ் வைத்துப் படம் எடுத்து வந்திருந்தாள். படம் நன்றாகவே இருந்தது. மஞ்சள் மகரந்தப்பைகள், சிவப்பு சூலகமுடிகள், இதழின் நரம்பு எல்லாம் தெளிவு. "இதுல சூற்பை எங்க சித்தி?" என்று கேட்டாள். எங்கேயும் இல்லை. செம்பருத்தியின் சூற்பை, அதாவது சூலகத்தில் சூல்கள் இருக்கும் அடிப்பகுதி, புல்லிக்குள் ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் சூலகத்தண்டு மகரந்தக் குழலுக்குள் நுழைந்து, நுனியில்தான் வெளியே தலை காட்டுகிறது. மேலிருந்து எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மூடியிருப்பது மூடித்தான் இருக்கும்.

அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் வெட்டுவதைப் பற்றித்தான். புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள், சூலகம் என்ற நான்கும் பள்ளியில் படித்தவை என்பதால் அவற்றுக்கு விளக்கம் எழுதவில்லை.

என்னென்ன வேண்டும்

சவர பிளேடு ஒன்று. அதை நீளவாக்கில் பாதியாக உடைத்து, உடைந்த பக்கத்தில் செல்லோ டேப்பை இரண்டு மூன்று சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சில் சீவும் கட்டர் வேண்டாம். அதன் தகடு தடிமன், பூவை வெட்டாது, நசுக்கும். சின்னப் பிள்ளைகள் செய்தால் பிளேடு வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள்.

இரண்டு தையல் ஊசிகள், காதுப் பக்கம் பழைய பேனா ரீஃபிலிலோ ரப்பரிலோ செருகியது. புருவ முடி எடுக்கும் இடுக்கி. கறுப்பு சார்ட் அட்டை ஒரு துண்டு. ஈரத் துணி. ஒரு சின்ன கேரட் (எதற்கு என்று பிறகு சொல்கிறேன்).

உருப்பெருக்கிக்கு என் ஓட்டு, நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லூப்புக்குத்தான். பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை அதன் அருகே கொண்டுவர வேண்டும். லூப்பைப் பூவின் மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படம் எடுக்க போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் போதும். கேமரா கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதுவே லென்ஸ் ஆகிவிடும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பிப் போனை நனைக்காதீர்கள். ஓரம் முழுக்கக் கலங்கும், சொட்டும் வழிந்து ஓடும்.

எந்தப் பூ

ஒற்றை அடுக்குச் செம்பருத்தி, ஐந்தே இதழ் உள்ளது. பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள். காலையில் விரிந்தது மாலையில் சுருண்டுவிடும். அதிகாலையில் பறித்தால் மகரந்தப்பைகள் பல இன்னும் வெடிக்காமல் மொழுமொழுவென்று இருக்கும். வெயில் ஏறியபின் பறித்தால் வெடித்துத் தூள் வெளியே வந்திருக்கும். இரண்டு நேரத்திலும் ஒவ்வொன்று எடுத்து வையுங்கள், பக்கத்தில் பக்கம் வைத்தால் வித்தியாசம் புரியும். கூடவே மறுநாள் விரியப்போகும் மொட்டு ஒன்று.

வெட்டப்போகும் பூவைப் பறித்தவுடன் வெட்டாதீர்கள். கொஞ்ச நேரம் கிடக்கட்டும். விறைப்பாக இருக்கும் பூ மளுக்கென்று ஒடியும். லேசாகத் துவண்டது சொன்னபடி கேட்கும்.

இதழ்களை எடுப்பது

புல்லிக்கு வெளியே இன்னொரு வட்டமாக மெல்லிய பச்சை நாக்குகள் நிற்கும். அது புறப்புல்லிவட்டம். முதலில் அதை ஒரு படம் எடுத்துவிடுங்கள், பலரும் விட்டுவிடுவார்கள். பிறகு புல்லிக் கிண்ணத்தை நீளவாக்கில் ஒரு கீறல் கீறி உரித்து எடுங்கள்.

அடுத்தது இதழ்கள். ஐந்தையும் கொத்தாகப் பிடித்து இழுத்தால் நடுவில் நிற்கும் குழலும் சேர்ந்து பிய்ந்து வரும். இந்தக் குடும்பத்தில் இதழ்களின் அடியும் மகரந்தக் குழலின் அடியும் ஒட்டிப் பிறந்தவை. ஆகவே ஒவ்வொரு இதழாக, பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு நூல் அளவு மேலே விட்டுக் கிழித்து எடுங்கள். அடியில் சிவப்புத் துணுக்கு மிச்சம் நின்றால் நிற்கட்டும்.

குழலைப் பிளப்பது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். என்னிடம் கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு இங்கேதான் சிக்கல்.

நடுவில் நீண்டு நிற்பது ஒரே தண்டு மாதிரி தெரிகிறது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. வெளியே இருப்பது ஆண் பாகம். மகரந்தக்கம்பிகள் எல்லாம் அடியில் இணைந்து குழலாகி, அதன் மேல் பாதியில் தனித்தனிக் கம்பிகளாகக் கிளைத்து நிற்கின்றன. உள்ளே ஓடுவது பெண் பாகமான சூலகத்தண்டு, வெள்ளை நூல் போல மெல்லியது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. பிளேடை வைத்து மேலிருந்து கீழே கீறினால் பத்தில் ஒன்பது முறை உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து அறுந்துவிடும். அறுந்த தண்டு குழலின் உள்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எது எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இங்கே பிளேடைக் கீழே வைத்துவிட்டு ஊசியை எடுங்கள். தொடங்க வேண்டியதும் மேலிருந்து அல்ல, அடியிலிருந்து. சூற்பையின் மேல் கவிந்து உட்காரும் இடத்தில் குழல் கொஞ்சம் அகலமாக இருக்கும். அங்கேதான் உள்ளே இடம் உண்டு. பூவைக் கறுப்பு அட்டையில் படுக்க வைத்து, இடது கை விரலால் காம்பை அழுத்திக்கொள்ளுங்கள். ஊசி நுனியைக் குழலுக்கும் சூற்பைக்கும் நடுவே நுழைத்து, குழலின் உள்சுவரை ஒட்டினாற்போலவே மேல்நோக்கித் தள்ளுங்கள். ஊசி குழல் வழியாகத் தெரியும். அரை அங்குலம் போனதும் ஊசியை அப்படியே வெளிப்பக்கமாகத் தூக்குங்கள். குழல் நீளவாக்கில் கிழியும். மறுபடி நுழைத்து, மறுபடி தூக்கி, நுனிவரை இப்படியே போகலாம். நார் ஓடும் திசையிலேயே கிழிவதால் வளைந்து போகாது.

கொழகொழவென்று ஒரு பசை வரும். வெண்டைக்காய் நறுக்கும்போது வருமே, அதே பசை, இரண்டும் ஒரே குடும்பம். ஊசியை ஈரத் துணியில் அடிக்கடி துடையுங்கள், இல்லையென்றால் மகரந்தத்தூள் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு படம் அழுக்காகும்.

கிழிந்த குழலை இரண்டு பக்கமும் விரித்தால் அடியில் சூற்பை, அதிலிருந்து நீளும் தண்டு, நுனியில் ஐந்து கிளை, ஒவ்வொரு கிளையின் தலையிலும் வெல்வெட் போன்ற சிவப்புச் சூலகமுடி, எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். சூலகமுடியை லூப்பில் பாருங்கள். மேற்பரப்பு முழுவதும் குட்டை ரோமம், அதில் மாட்டிய மஞ்சள் உருண்டைகள். மகரந்தப்பையையும் பாருங்கள். பல பூக்களில் அதற்கு இரண்டு மடல் இருக்கும், செம்பருத்தியில் ஒன்றுதான், சிறுநீரக வடிவில் வளைந்தது. வெடிக்கும்போது வெளி வளைவில் கோடு விழுந்து திறக்கிறது. அதிகாலையில் பறித்த பூவில் அந்தக் கோடு மட்டும் தெரியும்.

சூற்பையின் குறுக்குவெட்டு

சூற்பை சிறியது, வழுக்கும், கையில் பிடித்து வெட்ட வராது. இதற்குத்தான் கேரட். ஒரு துண்டை நீளவாக்கில் கீறி, கீறலுக்குள் சூற்பையை நிமிர்த்திச் செருகி, கேரட்டையும் சேர்த்தே மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள். பிளேடை அழுத்தாமல் தன் பக்கம் இழுத்து வெட்ட வேண்டும். வில்லைகளைத் தண்ணீர் உள்ள வெள்ளைச் சாசரில் போட்டால் கேரட் தனியே விலகிவிடும். கிடைத்ததில் மெல்லியதை மட்டும் எடுங்கள்.

ஐந்து அறைகள் தெரியும். சூல்கள் வெள்ளை மணிகளாக நடு அச்சை ஒட்டி நிற்கும். மேலே சூலகமுடி ஐந்து, கீழே அறை ஐந்து. சரியாகத் தெரியவில்லை என்றால் சமையலறையிலிருந்து பிஞ்சு வெண்டைக்காய் ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கிப் பக்கத்தில் வையுங்கள். அதே அமைப்பு பெரிய அளவில் கண் முன்னே இருக்கும், சூலுக்குப் பதில் விதை. வெண்டைக்காயில் அறைகள் ஐந்துக்கு மேலும் இருக்கலாம், குழம்ப வேண்டாம். வீட்டுச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதில்லை, குச்சி வெட்டித்தான் நடுகிறோம். ஆகவே பூ காயாக மாறுவதைப் பின்தொடர வேண்டும் என்றால் வெண்டைப் பூவுக்குப் போய்விடுங்கள்.

படம்

நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். ஜன்னல் ஓரம், பக்கத்திலிருந்து வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழல் மெலியும். கிளிப் லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகவும் குறைவு. கை நடுங்கினாலே போச்சு. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே போனைப் பாலம் போல வைத்து, பூவைக் கீழே சீட்டுக்கட்டின் மேல் வையுங்கள். ஃபோகஸ் வேண்டுமென்றால் போனை அசைக்காமல் சீட்டுகளை ஒன்றிரண்டாக உருவுங்கள் அல்லது சேருங்கள். பூவுக்கு ஃபோகஸ் வந்தவுடன் 3 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

இதற்குமேல் போக விரும்பினால்

மகரந்தத்தூளுக்கு லூப் போதாது. ஆனால் செம்பருத்தித் தூள் ஒரு விதிவிலக்கு. ஒரு மணி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருப்பதால் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். அதன் மேல் உள்ள முட்களைப் பார்க்கத்தான் நுண்ணோக்கி. நான் பரிந்துரைப்பது ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014இல் அறிமுகமான காகித நுண்ணோக்கி, 140 மடங்கு பெருக்கும். செல்லோ டேப்பை மகரந்தப்பையில் மெல்ல ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் ஸ்லைடு தயார்.

அடுத்த பூவாக எருக்கை எடுங்கள், இதைப் பார்க்காமல் விடக்கூடாது. முன்னெச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள், அதே கையோடு லூப்பையும் தூக்காதீர்கள். பூவின் நடுவே ஐந்து மூலையுள்ள மேடை இருக்கும். மகரந்தத்தாளும் சூலகமும் ஒட்டிப்போய் உருவான மேடை அது. ஒவ்வொரு மூலையிலும் கரும்பழுப்பில் ஒரு புள்ளி, அதன் கீழே ஒரு பிளவு. பிளவின் அடியில் மெல்லிய ஊசியை விட்டு மேலே இழுத்தால் புள்ளி ஊசியில் கவ்விக்கொண்டு வெளியே வரும், அதில் மெழுகு போன்ற இரண்டு மஞ்சள் பைகள் தொங்கும். எருக்கில் மகரந்தம் தூளாகக் கொட்டுவதில்லை, பை பையாகத்தான் போகிறது. பூவில் வந்து உட்காரும் கருவண்டின் கால் அந்தப் பிளவில் மாட்டும்போது நடப்பதும் இதுதான். கருவண்டு என்று நாம் சொன்னாலும் அது மரத்தைத் துளைக்கும் தேனீ வகை.

ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூவாக இருப்பதைப் பார்க்க ஆமணக்கு எளிது. கொத்தின் மேல்பகுதியில் சிவப்பு இறகு மாதிரி சூலகமுடியோடு பெண் பூக்கள், கீழே மரம் போலக் கிளைத்த மகரந்தத்தாள்களோடு ஆண் பூக்கள். 1694இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கமெராரியஸ், தாவரத்திலும் ஆண் பெண் உண்டு என்று சோதனை மூலம் காட்டியபோது பயன்படுத்தியவற்றில் ஆமணக்கும் ஒன்று. விரியும் முன் ஆண் பூக்களைக் கிள்ளி எறிந்தார், விதை பிடிக்கவில்லை. பூசணியும் இதே வகைதான், பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். மல்லிகையின் இதழ்க் குழலைப் பிளந்தால் மகரந்தத்தாள் இரண்டே இரண்டு. சங்குப்பூவில் பத்து, அதில் ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் நிற்கும்.

சேர்க்கை 1: "எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் குழலே இல்லை" என்று இருவர் எழுதியிருந்தார்கள். உங்களிடம் இருப்பது அடுக்குச் செம்பருத்தி. அதில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறியிருக்கும். மாறியும் மாறாமலும், ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டிய அரை இதழ்கள் அதில் கிடைக்கும். முதல் பூவாக அது வேண்டாம், மூன்றாவதாக எடுங்கள்.

சேர்க்கை 2: கிளிப் லென்ஸ் மாட்டியும் மங்கலாகவே வருகிறது என்பவர்கள், பல கேமரா உள்ள போனில் பிரதான கேமராவின் மேல்தான் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சில போன்கள் பொருள் அருகே வந்ததும் தானாக வேறு கேமராவுக்குத் தாவிவிடும். செட்டிங்கில் தானியங்கி மேக்ரோவை அணைத்து வையுங்கள்.

சேர்க்கை 3: மகரந்தத்தூளைத் தண்ணீரில் போட்டதும் வெடித்துவிடுகிறதே என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். பல தூள்கள் அப்படித்தான், வெறும் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும். சர்க்கரைக் கரைசல் பயன்படுத்துங்கள், 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம். இதற்கு நித்தியகல்யாணிதான் நல்ல பூ. அன்று விரிந்த பூவின் இதழ்க் குழலைப் பிளந்து, வாய்க்குச் சற்றுக் கீழே புடைத்த இடத்திலுள்ள மகரந்தப்பைகளை ஊசியால் தட்டித் தூளைக் கரைசல் சொட்டில் விழச் செய்யுங்கள். சொட்டு காயாமல் இருக்க ஸ்லைடை ஈரப் பஞ்சு போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தூளிலிருந்து மெல்லிய முளைக்குழல் (மேலே பிளந்த குழல் அல்ல, இது வேறு) நீள்வதை ஃபோல்ட்ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். ஒன்றும் முளைக்கவில்லை என்றால் முதலில் பூ பழையதா என்று சந்தேகப்படுங்கள், கரைசலை அப்புறம் மாற்றலாம்.