'களங்காவல்' பார்ப்பதற்கு முன்னால் மம்மூட்டியை எந்த வரிசையில் பார்ப்பது?

'தளபதி' தேவாவைத் தாண்டி மம்மூட்டியை அதிகம் தெரியாது, ஆனால் 2025 டிசம்பரில் வந்த 'களங்காவல்' என்ற மலையாளப் படம் பார்க்க ஆசை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். அதில் அவர்தான் கொலைகாரன், தேடி வரும் போலீஸ் விநாயகன். நேராக அதையே போட்டாலும் கதை புரியும்தான், ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரிய ஸ்டார் இப்படி ஓர் ஆளை ஏன் ஆசையாக எடுத்துச் செய்கிறார் என்பது பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் பிடிபடும்.

'விதேயன்'இலிருந்து தொடங்குங்கள். அடூர் கோபாலகிருஷ்ணன் படம். தென் கர்நாடகப் பக்கத்து பண்ணையார் பாஸ்கர பட்டேலராக, கன்னடம் கலந்த மலையாளம் பேசிக்கொண்டு, பயமுறுத்துவார். அடுத்த நாளே 'பொந்தன்மாட' பாருங்கள், இடைவெளி விடாதீர்கள். இதில் அப்படியே தலைகீழ், பண்ணையாரிடம் அடங்கிக் கிடக்கிற ஏழைக் கூலி. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் 1993ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கொடுத்தார்கள், ஏன் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். முதுகும் கழுத்தும் எப்படி மாறுகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. நம்மவர்கள் தவறவிடவே கூடாத படம் இது. வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் வண்டியில் தூங்கி எழுந்த ஜேம்ஸ், வழியில் இறங்கி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து போய், காணாமல் போன சுந்தரமாகவே பேச ஆரம்பிக்கிறார். தூங்குவதற்கு முன்னால் இருந்த சிடுசிடுப்பு எங்கே போனது என்று தேடுங்கள். மேக்கப் எதுவும் கிடையாது, குரலும் நடையும்தான்.

'பேரன்பு' பார்க்காதவர்கள் நடுவில் செருகிக்கொள்ளலாம். மனசு சரியில்லாத நாளில் மட்டும் வேண்டாம்.

கடைசியாக 2024இல் வந்த 'பிரமயுகம்', 'களங்காவல்'க்கு முந்தின இரவு. கருப்பு வெள்ளைப் படம், அதனால் விளக்கை அணைத்துவிடுங்கள், மொபைலில் பார்க்காதீர்கள். இதில் மம்மூட்டி கொடுமண் போற்றி என்கிற வீட்டுக்காரர். பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருப்பார், ஆனாலும் அவருடைய மனையை விட்டு யாரும் வெளியே போக முடியாது. பட்டேலர் அடித்து மிரட்டியதை இவர் சிரித்தே செய்துவிடுகிறார்.

ஒன்று மறந்துவிட்டேன், டப்பிங்கில் பார்க்காதீர்கள். சப்டைட்டில் போதும். வேறு யாரோ குரல் கொடுத்தால் பாதி மம்மூட்டிதான் கிடைப்பார், 'விதேயன்'இல் அந்தப் பாதிகூடத் தேறாது.